வெறுங்காலுடன் கிளாஸ்கோவில்: முஹம்மது ஸலீமும் செல்டிக் கழகமும்

கி.பி. 1936ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 28ஆம் நாள், வெள்ளிக்கிழமை மாலை. ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ மாநகரில், பார்க்ஹெட் என்னும் பகுதியிலுள்ள செல்டிக் கால்பந்துக் கழகத்தின் திடலில் ஓர் ஆட்டம் நடைபெற்றது. செல்டிக்கின் இரண்டாம் அணியும் கால்ஸ்டன் என்னும் சிற்றூரின் அணியும் மோதின. செல்டிக் அணி ஏழுக்கு ஒன்று என்ற கோல் கணக்கில் வென்றது. அவ்வேழில் மூன்று கோல்களுக்கு வழிசெய்து கொடுத்தவர், வலது ஓரத்தில் நின்று ஆடிய முன்கள வீரர் ஒருவர். அன்று களத்திலிருந்த இருபத்திருவரில் காலணி அணியாதவர் அவர் ஒருவரே. அவர் கல்கத்தாவைச் சேர்ந்த மர்ஹூம் முஹம்மது ஸலீம் அவர்கள். ஐரோப்பியக் கழகமொன்றின் சீருடை அணிந்து களமிறங்கிய முதல் இந்தியர் என்று கால்பந்து வரலாற்றாசிரியர்கள் இவரையே குறிப்பிடுகின்றனர்.

விளையாட்டுச் செய்திக்கு நம் ஆண்டு மலரில் என்ன இடம் என்று மூத்தோர் சிலர் வினவலாம். சிறுபான்மைச் சமுதாயம் ஒன்று தனக்கென அமைப்பொன்றை எவ்வாறு கட்டுகிறது, அதில் சேரும் பணம் பிறகு எத்திசையில் செல்கிறது என்பன இச்செய்தியினுள் அடங்கியுள்ளன. ஆகவே சற்று விரிவாகவே எழுத நேர்கிறது.

ஸலீம் 1904ஆம் ஆண்டு கல்கத்தாவின் மேட்டியாபுருஜ் பகுதியில் பிறந்தார். அவத் நாட்டின் கடைசி நவாப் வாஜித் அலி ஷா, 1856இல் ஆங்கிலேயரால் அரியணை பறிக்கப்பட்டு வந்து தங்கிய இடம் அது. ஹூக்ளி நதிக்கரையில் அவர் தமக்கென ஒரு சிறிய லக்னோவை அங்கே உருவாக்கிக் கொண்டார். 1887இல் நவாப் மறைந்த பின்னர் மாளிகைகள் மங்கின. தையற்காரர்களும் கப்பல்துறைத் தொழிலாளர்களும் நிறைந்த முஸ்லிம் குடியிருப்பாக அவ்வூர் மாறிற்று. ஸலீமின் குடும்பம் நடுத்தரத்திற்கும் சற்றுத் தாழ்ந்த நிலையிலிருந்தது. பிள்ளை மருந்து கலக்கும் தொழிலைக் கற்று நிலையான வருவாய் தேடிக்கொள்ள வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம். ஆனால் அவர் சிறுவனாயிருந்த 1911இல், மோகன் பகான் அணியினர் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவின் வெள்ளையர் அணியை வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியிருந்தனர். அவ்வணியில் ஒருவரைத் தவிர ஏனையோர் அனைவரும் வெறுங்காலுடன் ஆடியவர்கள். அவ்வெற்றிக்குப் பின் வளர்ந்த கல்கத்தாச் சிறுவர்களைக் கால்பந்திலிருந்து பிரிப்பது எளிதாயிருக்கவில்லை. ஸலீமும் மருந்துக் குப்பிகளை விட்டுப் பந்தின் பின் ஓடியவர்தாம்.

பல சிறு கழகங்களில் ஆடிய பின்னர் 1934ஆம் ஆண்டு அவர் முஹமடன் ஸ்போர்ட்டிங் கழகத்தில் நிலைபெற்றார். இக்கழகம் 1891இல் கல்கத்தா முஸ்லிம்களால் நிறுவப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிய வெற்றி எதுவுமின்றி இருந்து, 1934இல் முதன்முறையாக முதல் பிரிவுக்கு உயர்ந்தது. உயர்ந்த அதே ஆண்டில் கல்கத்தா லீக் கோப்பையையும் வென்றது. அந்நாள் வரை அக்கோப்பை பிரிட்டிஷ் படைப்பிரிவுகளுக்கும் ஐரோப்பியர் கழகங்களுக்கும் மட்டுமே உரியதாயிருந்தது. அதனை வென்ற முதல் இந்தியக் கழகம் முஹமடன் ஸ்போர்ட்டிங்கே. தொடர்ந்து 1938 வரை ஐந்து ஆண்டுகள் ஒரே கழகம் வென்றது. 1936இல் ஐ.எப்.ஏ. கேடயமும் சேர்ந்தது. இந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் முஸ்லிம் வீரர்களைத் தேடிக் கொணர்ந்து சேர்த்ததும், மழைக்காலச் சேற்றில் காலணி அணிந்து ஆடப் பழக்கியதும் இவ்வெற்றிகளுக்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. ஸலீமுக்கு மட்டும் காலணி ஒத்துவரவில்லை. பந்தை விரல்களால் உணர்ந்து ஆடுபவருக்குத் தோலுறை ஒரு தடையன்றோ!

இவ்வெற்றிகளை வங்காள முஸ்லிம்கள் கொண்டாடிய விதம் வேறு சிலருக்குக் கசந்தது. சமயத்தின் பெயரால் விளையாட்டுக் கழகம் ஏன் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. கேள்வி நியாயமற்றதென்று தள்ளிவிட முடியாது. எனினும் கல்வியிலும் அரசுப் பணியிலும் பின்தங்கியிருந்த ஒரு சமுதாயம் தலைநிமிர்ந்து நிற்க அன்று கிடைத்த இடம் பதினொருவர் ஓடும் அத்திடல் ஒன்றே என்பதையும் மறந்துவிடலாகாது. ஏறத்தாழ இதே கேள்வியும் இதே பதிலும், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், கிளாஸ்கோவில் வேறொரு சமயத்தாரிடையே எழுந்திருந்தன. அதற்குப் பின்னர் வருவோம்.

1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கிற்குச் சென்றுகொண்டிருந்த சீன அணி, வழியில் கல்கத்தாவில் இறங்கி ஆட்டங்கள் நிகழ்த்தியது. முதல் ஆட்டத்தில் ஸலீம் ஆடிப் பாராட்டுப் பெற்றார். அடுத்த ஆட்டத்திற்கு அவரைத் தேடியபோது ஆளைக் காணவில்லை! பத்திரிகையில் விளம்பரம் செய்து தேடும் அளவிற்குப் போயிற்று. அவரோ அதற்குள் கப்பலேறிவிட்டார். பிரிட்டனில் வாழ்ந்து வந்த ஹாஷிம் என்னும் உறவினர், "உன் ஆட்டத்தை ஐரோப்பாவில் காட்ட வேண்டும்" என்று வற்புறுத்தி உடன் அழைத்துச் சென்றார். லண்டனில் சில நாட்கள் தங்கியபின் இருவரும் கிளாஸ்கோ வந்து செல்டிக் கழகத்தின் வாயிலில் நின்றனர்.

இவ்விடத்தில் செல்டிக் கழகத்தின் பிறப்பை அறிந்துகொள்ள வேண்டும். 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, கொடிய பஞ்சம் உண்டாயிற்று. அதில் தப்பிய மக்கள் திரள் திரளாகக் கடல் கடந்து கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் குடியேறினர். அவர்கள் கத்தோலிக்கர்; ஊரிலிருந்தோர் புரோட்டஸ்டண்டுகள். குறைந்த கூலிக்கு உழைக்க வந்தவர்கள் என்ற வெறுப்பும், வேற்று மார்க்கத்தார் என்ற பகையும் ஒருங்கே அவர்கள்மீது விழுந்தன. பிள்ளைகள் பசியோடு பள்ளிக்கூடம் வந்தனர். அப்பள்ளிகளில் ஒன்றின் தலைமையாசிரியராயிருந்த சகோதரர் வால்பிரிட் என்னும் அயர்லாந்துத் துறவி, ஒரு பென்னிக்கு மதிய உணவு வழங்கும் திட்டத்தைத் தொடங்கினார். வேற்றுப் பிரிவினரின் கஞ்சித்தொட்டிகளுக்குச் சென்று பிள்ளைகள் தம் மார்க்கத்தை இழந்துவிடுவரோ என்ற அச்சமும் அவருக்கிருந்தது. இத்திட்டத்திற்குப் பணம் வேண்டும். எடின்பரோவில் அயர்லாந்துக் கத்தோலிக்கரின் ஹிபர்னியன் அணி 1887இல் ஸ்காட்லாந்துக் கோப்பையை வென்றதைக் கண்டவர், நாமும் ஒரு கழகம் அமைத்தால் நுழைவுக் கட்டணத்தால் பிள்ளைகளின் வயிறு நிறையுமே என்று எண்ணினார். அவ்வாண்டு நவம்பர் 6ஆம் நாள் புனித மேரி தேவாலயத்தின் மண்டபத்தில் கூடிய கூட்டத்தில் செல்டிக் கழகம் உருவாயிற்று.

ஆட்டக்காரர் தேடும் பணியில் வால்பிரிடும் தோழர்களும் டாம் மேலி என்பவரின் இல்லத்திற்குச் சென்றனர். அவர் வீட்டில் இல்லை. அங்கிருந்த தம்பி வில்லியிடம், நீரும் வாருமே என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு வந்தனர். அத்தம்பி 1888 மே 28ஆம் நாள் செல்டிக்கின் முதல் ஆட்டத்திலேயே ஆடினார். பின்னர் 1897 முதல் 1940 வரை நாற்பத்து மூன்று ஆண்டுகள் அக்கழகத்தை நிருவகித்தார். 1936இல் ஹாஷிம் சந்தித்த மேலாளர் இந்த வில்லி மேலிதான். பசித்த பிள்ளைகளுக்காகக் கழகம் தொடங்கியவரைக் கண்ணால் கண்டவர்.

ஆனால் இடைப்பட்ட காலத்தில் கழகம் நெடுந்தொலைவு வந்துவிட்டது. முதற்பருவத்தில் நானூறு பவுண்டுக்கு மேல் அறச்செயல்களுக்குச் சென்றது. கூட்டம் பெருகப் பெருக, வீரர்களுக்குச் சம்பளம், புதிய திடல், இருக்கைகள் என்று செலவும் பெருகிற்று. 1892இல் வால்பிரிட் லண்டனுக்கு மாற்றப்பட்டார். கேட்பாரில்லாத நிலையில் உணவுத் திட்டத்திற்குச் சென்ற பணம் வற்றலாயிற்று. 1897இல் கழகம் பங்கு நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. இலாபம் பங்குதாரர்களுக்குப் போகத் தொடங்கிற்று. இதனை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களும் இருந்தனர், பயனில்லை. தீயநோக்கம் கொண்டோர் புகுந்து செய்த வேலை என்று இதைச் சொல்ல முடியாது. நல்லோர் பலரே, ஒவ்வோர் ஆண்டும் ஒரு நியாயமான காரணம் காட்டி, சிறிது சிறிதாகச் செய்த மாற்றம் இது. பைத்துல்மால் கணக்கில் கட்டிடச் செலவு எவ்வாறு வளர்கிறது என்று அறிந்த எந்த ஜமாஅத்தாருக்கும் இது விளங்காத செய்தியன்று.

ஒன்றை மட்டும் அவர்கள் விடவில்லை. எம்மதத்தவரும் இக்கழகத்தில் ஆடலாம் என்னும் வழக்கமே அது. அணியில் புரோட்டஸ்டண்டுகளின் எண்ணிக்கைக்கு வரம்பிட வேண்டும் என்று 1890களில் வந்த தீர்மானம் தோற்கடிக்கப்பட்டது. 1931இல் ரேஞ்சர்ஸ் அணிக்கெதிரான ஆட்டத்தில் தலையில் அடிபட்டு உயிர்நீத்த செல்டிக்கின் புகழ்பெற்ற கோல்காவலர் ஜான் தாம்சன் ஒரு புரோட்டஸ்டண்டே. அவ்வழக்கம் இருந்ததால்தான், கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு முஸ்லிமின் மார்க்கம் என்ன என்பது அங்கே ஒரு பொருட்டாகவில்லை.

பொருட்டானது பாதமே. இந்தியாவிலிருந்து சிறந்த ஆட்டக்காரர் ஒருவர் வந்திருக்கிறார், சோதித்துப் பாருங்கள், ஆனால் அவர் வெறுங்காலில்தான் ஆடுவார் என்று ஹாஷிம் சொன்னபோது மேலி சிரித்துவிட்டாராம். ஸ்காட்லாந்தின் கனத்த காலணிகளுக்கிடையே வெறும் பாதம் என்ன ஆகும் என்று எண்ணியிருப்பார். இருந்தாலும் வாய்ப்பை மறுக்கவில்லை. பயிற்சியாளர்களின் முன்னிலையில் ஸலீம் தம் திறமையைக் காட்டினார். சிரித்தவர்கள் வியந்தனர்.

அந்நாளில் எடுக்கப்பட்ட நிழற்படம் ஒன்று இன்றும் பல நூல்களில் காணக்கிடைக்கிறது. செல்டிக் சீருடையுடன் ஸலீம் நிற்கிறார். அவர் முன் குனிந்து, அவருடைய பாதத்திற்குக் கட்டுத்துணி சுற்றிக்கொண்டிருப்பவர் ஜிம்மி மெக்மெனமி. ரசிகர்களால் 'நெப்போலியன்' என்று அழைக்கப்பட்ட பழம்பெரும் முன்கள வீரர். அப்போது கழகத்தின் பயிற்சியாளர். காலனிய ஆட்சி உச்சத்திலிருந்த 1936இல், ஒரு வெள்ளையர் இந்தியர் ஒருவரின் காலைத் தொட்டுக் கட்டுப் போடுகிறார். கல்கத்தாவின் வெள்ளையர் கிளப்புகளில் இந்தியர் வாசலைத் தாண்ட இயலாத காலம் அது. அப்படத்தைக் காணும்போது பந்தாட்டத்தைவிட இதுவே மனத்தில் நிற்கிறது.

அவர் ஏன் முதல் அணியில் ஆடவில்லை என்று சிலர் கேட்பதுண்டு. செல்டிக் அப்போதுதான் 1935-36ஆம் பருவத்தின் லீக் பட்டத்தை வென்றிருந்தது. ஜிம்மி மெக்ரோரி என்னும் முன்கள வீரர் அப்பருவத்தில் மட்டும் ஐம்பது லீக் கோல்கள் அடித்திருந்தார். வலது ஓரத்தில் ஜிம்மி டிலானி என்னும் இளம் வீரர் புகழேணியில் ஏறிக்கொண்டிருந்தார். புதிதாக வந்தவரை இரண்டாம் அணியில், அலையன்ஸ் லீக் ஆட்டங்களில் இறக்கிப் பார்ப்பதே முறை. ஸலீம் ஆடியவை ஹாமில்டன் அணிக்கெதிராகவும், முன்னர்க் கூறிய கால்ஸ்டன் அணிக்கெதிராகவும் நடந்த ஆட்டங்களாம்.

கால்ஸ்டன் ஆட்டத்தின் மறுநாள் 'ஸ்காட்டிஷ் டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழ், அவரை இந்திய வித்தைக்காரர் என்று தலைப்பிட்டு எழுதியது. பந்தைப் பெருவிரலில் நிறுத்திச் சிறுவிரல் வரை உருட்டிச் சுழற்றுகிறார், ஒற்றைக் காலில் துள்ளிக் காவல் வீரரைக் கடக்கிறார், பின் நடுவில் நிற்பவருக்குப் பந்தைத் தட்டிவிடுகிறார், அவர் கோலடிப்பது ஒன்றே பாக்கி என்று வியந்துரைத்தது. பெனால்டி உதைக்கச் சொன்னபோது கூச்சப்பட்டு மறுத்துவிட்டார் என்றும் எழுதிற்று. 'வித்தைக்காரர்' என்ற சொல்லில் ஒரு வாடை இருக்கத்தான் செய்கிறது. பாம்பாட்டியும் கயிற்று மாயமும் மட்டுமே இந்தியா என்று எண்ணியிருந்தவர்களுக்கு, இருபது ஆண்டுப் பயிற்சியும் வித்தையாகவே தென்பட்டது. ஆயினும் பாராட்டு பொய்யன்று.

புகழ் வந்தது, மனம் நிற்கவில்லை. ஓரிரு திங்களிலேயே ஊர் நினைவு அவரை வாட்டத் தொடங்கிற்று. குளிர் இறங்கும் பருவம். கிளாஸ்கோவில் அந்நாளில் கப்பல் தொழிலாளரும் துணி மூட்டை சுமந்து விற்போருமாகச் சில முஸ்லிம்கள் இருந்தனரேயன்றிப் பள்ளிவாசல் ஒன்றில்லை. அந்நகரின் முதல் பள்ளிவாசல் கோர்பல்ஸ் பகுதியில் எழுந்ததே 1940களில்தான். பருவம் முடியும்வரை தங்குமாறு கழகத்தார் கேட்டும் ஸலீம் இணங்கவில்லை.

ஸலீமின் மகன் பின்னாளில் பத்திரிகையாளர்களிடம் தெரிவித்த செய்தி ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது. ஸலீமைத் தங்கவைக்கும் பொருட்டு, அவர் பெயரில் அறக்கொடை ஆட்டமொன்று நடத்தி நுழைவுக் கட்டண வசூலில் நூற்றுக்கு ஐந்து பங்கு தருவதாகக் கழகம் முன்வந்தது. நூற்றுக்கு ஐந்து என்றால் எவ்வளவு வருமென்று ஸலீம் கணக்குப் பார்க்கவில்லை. ஆட்டம் காண அழைக்கப்படும் யத்தீம் பிள்ளைகளுக்கே என் பங்கைக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். பின்னர்த் தொகை 1,800 பவுண்டு என்று அறிந்து திகைத்தார்; ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

இத்தொகையை எழுதியவர் பலர். கூட்டிப் பார்த்தவர் குறைவு. 1,800 பவுண்டு நூற்றுக்கு ஐந்து எனில் மொத்த வசூல் 36,000 பவுண்டு. நுழைவுக் கட்டணம் அக்காலத்தில் ஒரு ஷில்லிங். பவுண்டுக்கு இருபது ஷில்லிங். ஆக ஏழு இலட்சத்து இருபதினாயிரம் பேர் வந்திருக்க வேண்டும். கிளாஸ்கோவின் மக்கள்தொகையே சுமார் பதினொரு இலட்சம். 1937இல் ஸ்காட்லாந்து-இங்கிலாந்து ஆட்டத்திற்கு அந்நகரில் கூடிய மாபெரும் கூட்டமே 1,49,415 பேர்தாம். ஆகவே 1,800 என்பது பவுண்டாக இருக்கவியலாது. கல்கத்தாவில் வாழ்ந்த குடும்பம் ரூபாயில் சொன்ன கணக்கு, ஆங்கிலத்தில் எழுதப்பட்டபோது பவுண்டாக மாறியிருக்கக் கூடும் என்பது எம் கருத்து. அன்றைய மாற்று விகிதப்படி பவுண்டுக்கு 13 ரூபாய் 5 அணா சொச்சம். 1,800 ரூபாய் 135 பவுண்டாகும். அதற்கு ஐம்பத்து நான்காயிரம் பார்வையாளர் போதும். செல்டிக் திடல் கொள்ளக்கூடிய கூட்டமே அது. தொகையைக் குறைப்பதால் கொடையின் மதிப்புக் குறைந்துவிடாது. இங்கிலாந்தில் தலைசிறந்த ஆட்டக்காரருக்கும் வாரம் 8 பவுண்டுக்கு மேல் கொடுக்கலாகாது என்று விதியிருந்த காலம் அது. 135 பவுண்டு என்பது அத்தகைய வீரர் ஒருவருடைய நான்கு மாத ஊதியம்.

எத்தொகையாயினும், அது சென்ற திசை கவனிக்கத்தக்கது. ஏழைப் பிள்ளைகளின் உணவுக்கெனத் தொடங்கப்பட்ட கழகம் அது. அப்பணத்தின் வழி மாறி ஏறத்தாழ நாற்பதாண்டுகள் ஆகியிருந்தன. வால்பிரிடின் பெயரைக்கூட ஸலீம் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. யத்தீமின் உரிமையை இளமையிலேயே கேட்டு வளர்ந்த ஒரு கல்கத்தா முஸ்லிம், தம் கைக்கு வந்ததைக் கணக்குப் பாராமல் அதே இடத்திற்குத் திருப்பிவிட்டார். முதிர்ந்த வயதினரான வில்லி மேலி, இளமையில் தம் வீட்டுக்கு வந்த அத்துறவியை அப்போது நினைத்திருக்கமாட்டாரா?

கழகமும் தன் தொடக்கத்தைப் பின்னர் நினைத்துக்கொண்டது என்பதை எழுதாமல் விடுவது முறையாகாது. 1995இல் செல்டிக் ஓர் அறக்கொடை நிதியத்தை நிறுவியது. 2005இல் வால்பிரிடின் சிலை திடலின் முகப்பில் திறக்கப்பட்டது.

ஊர் திரும்பிய ஸலீம் மீண்டும் முஹமடன் ஸ்போர்ட்டிங்கின் கறுப்பு வெள்ளைச் சீருடை அணிந்தார். வெறுங்கால் ஆட்டத்தின் காலமும் மெல்ல முடிவுக்கு வந்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிய இந்திய அணி, இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு பிரான்சிடம் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றது. 1952இல் ஹெல்சிங்கியின் குளிரில் யுகோஸ்லாவியாவிடம் ஒன்றுக்குப் பத்து என்று தோற்ற பின்னர் காலணி கட்டாயமாயிற்று.

ஸலீம் 1980 நவம்பர் 5ஆம் நாள் வஃபாத்தானார். அல்லாஹ் அன்னாரின் பிழை பொறுத்து, கப்ரை ஒளிமயமாக்குவானாக.

தந்தை நோயுற்றிருந்த நாளில் அவருடைய மகன் செல்டிக் கழகத்திற்குக் கடிதமொன்று எழுதினார். சிகிச்சைக்குப் பணம் தேவைப்படுகிறது என்று அதில் குறிப்பிட்டார். பணம் பெறுவது அவர் நோக்கமன்று. சில வாரங்கள் மட்டும் ஆடிச் சென்ற ஒருவரை அத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அங்கே எவரேனும் நினைவில் வைத்திருக்கிறார்களா என்று அறியவே எழுதினார். மறுமொழி வந்தது. உறையினுள் நூறு பவுண்டுக்கான வங்கி வரைவோலை இருந்தது. அவர் அதை மாற்றவே இல்லை; தாம் உயிரோடிருக்கும் வரை பாதுகாத்து வைப்பேன் என்றார்.